நோய் தணிந்த பெற்றோரும் நம் பொறுப்பும்

புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! நபிகள் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நிலவட்டுமாக!



வீட்டில் முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பமே ஒன்று திரள்கிறது. வளைகுடாவில் இருக்கும் மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். மகள் தம் வீட்டைப் பூட்டிவிட்டு உம்மாவுடன் வந்து தங்குகிறார். அறுவை சிகிச்சை, கீமோதெரபி, ரேடியேஷன் என்று மாதங்கள் கழிகின்றன. ஒருநாள் மருத்துவர், "பரிசோதனைகளில் இப்போது நோய் தென்படவில்லை" என்கிறார். அல்ஹம்துலில்லாஹ் என்று நாவினிக்கச் சொல்கிறோம். ஏழைகளுக்கு ஸதகா கொடுக்கிறோம். பிறகு மகன் விமானம் ஏறுகிறார். மகள் தம் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கவலைக்குத் திரும்புகிறார். உம்மா தம் அறையில், ஒரு பை நிறைய மாத்திரைகளோடும் ஒரு பை நிறைய மருத்துவத் தாள்களோடும் தனித்து விடப்படுகிறார்.

நோய் கடுமையாக இருந்த நாளில் செய்த பணிவிடையை எல்லோரும் பார்த்தார்கள். நோய் தணிந்த பிறகு செய்ய வேண்டிய பணிவிடையைப் பார்ப்பவர் எவருமில்லை, பாராட்டுபவரும் இல்லை. ஆனால் பெற்றோரின் எஞ்சிய ஆயுள் நலமாகக் கழிவதற்கு, அல்லாஹ்வின் நாட்டப்படி, பெரும் காரணமாக அமைவது இந்தக் காலத்தில் நாம் காட்டும் கவனமே ஆகும். அக்கவனத்தில் முதன்மையானது, மருத்துவரின் முன் அவர்களுக்காகப் பரிந்து பேசுவது. அதை எப்படிச் செய்வது, எதுவரை செய்வது என்பதையே இங்கே காணவிருக்கிறோம்.

தணிவு என்பதன் பொருள்

மருத்துவர்கள் 'ரெமிஷன்' என்று சொல்வதை நோய்த் தணிவு எனலாம். நோயின் அடையாளங்கள் ஓரளவு குறைந்திருந்தால் அது பகுதித் தணிவு. உடற்பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகிய எதிலும் நோய் தென்படாவிட்டால் அது முழுத் தணிவு. முழுத் தணிவு என்றாலும், நோய் அடியோடு போய்விட்டது என்று மருத்துவர் அறுதியிட்டுக் கூறுவதில்லை. ஸ்கேனுக்கு அகப்படாத சில நோயணுக்கள் உடலின் ஏதோ ஓர் இடத்தில் தங்கியிருக்கக் கூடும் என்பதே காரணம்.

பல புற்றுநோய்களில் நோய் திரும்பும் வாய்ப்பு முதல் 2, 3 ஆண்டுகளில் அதிகம். 5 ஆண்டுகள் கடந்தபின் பெரிதும் குறைகிறது. ஆயினும் ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் 10, 15 ஆண்டுகளுக்குப் பின்னரும் திரும்புவதுண்டு. எனவே, "உம்மாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்லி மறந்துவிடுவதும் தவறு; "எப்போது திரும்புமோ" என்று அன்றாடம் அவர் காதுபடப் புலம்புவதும் தவறு. உரிய காலத்தில் உரிய பரிசோதனை, மற்ற நாட்களில் மனநிறைவான வாழ்க்கை என்பதே நடுநிலை.

"வயதாகிவிட்டது" என்னும் பதில்

முதியவர்கள் மருத்துவமனைகளில் அதிகம் கேட்கும் பதில் ஒன்று உண்டு. முதுகு வலிக்கிறது என்றாலும், நடக்கும்போது தள்ளாடுகிறது என்றாலும், பசியில்லை என்றாலும், "வயதாகிவிட்டது அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். அதை மருத்துவர் மட்டும் சொல்வதில்லை. பிள்ளைகளாகிய நாமும் சொல்கிறோம். முதியவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார்கள்.

இங்கே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டலை நினைவுகூர்வது பொருத்தம். கிராமப்புற அரபிகள் சிலர் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவியபோது, செய்துகொள்ளுமாறு நபியவர்கள் பணித்தார்கள். அல்லாஹ் எந்த நோயைப் படைத்தாலும் அதற்கு மருந்தையும் படைத்துள்ளான். முதுமை ஒன்றே அதற்கு விலக்கு என்னும் கருத்தையும் தெரிவித்தார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. முதுமைக்கு மருந்தில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, முதியவரின் நோய்க்கும் மருந்தில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதுமை வேறு, முதுமையில் வரும் நோய் வேறு. முன்னதைத் திருப்ப முடியாது. பின்னதற்கு மருந்து தேடுமாறு நாம் ஏவப்பட்டுள்ளோம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் தணிந்து இரண்டாண்டு கடந்த 72 வயதுத் தாய் ஒருவருக்கு முதுகு வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "முதுகு வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் ஒரு வலி மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். உடன் சென்ற மகனோ மகளோ, "இவருக்கு இரண்டாண்டுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்தது. தினமும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த வலி மூன்று வாரமாக ஒரே இடத்தில் இருக்கிறது. படுத்தாலும் குறையவில்லை, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது" என்று சொன்னால் மருத்துவரின் சிந்தனையே வேறு திசையில் செல்லும். அது நோய் எலும்புக்குப் பரவியதாக இருக்கலாம். லெட்ரோசோல் எலும்பை மெலியச் செய்யும் மருந்து. ஆகவே முதுகெலும்பில் ஏற்பட்ட முறிவாகவும் இருக்கலாம். சாதாரணத் தசைவலியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் மூன்றும் வெவ்வேறு மருத்துவம். எது என்று அறியாமல் வயதின் மீது பழி போடுவது அந்தத் தாய்க்கு இழைக்கும் அநீதி.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒருமுறை புற்றுநோய் வந்தவர் என்றதும், மூச்சு வாங்கினாலும் தலை சுற்றினாலும் எல்லாவற்றையும் புற்றுநோயின் கணக்கில் எழுதிவிட்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயம் ஆகியவற்றைக் கவனியாமல் விடுவது. தணிவில் இருக்கும் முதியவர்களில் பலர் பின்னாளில் புற்றுநோயால் அன்றி, இருதய நோயால் மரணிக்கின்றனர். டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் இருதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடும். அம்மருந்து பெற்றவருக்குக் கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் எக்கோ பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும்.

அவர்களுக்காகப் பேசுவோம், அவர்களை மறைத்துப் பேசவேண்டாம்

முதுமையை அடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லையும் சொல்லக் கூடாது என்றும், அவர்களிடம் கண்ணியமாகப் பேசவேண்டும் என்றும், அன்போடு பணிந்து நடக்கவேண்டும் என்றும் திருக்குர்ஆன் (17:23, 24) கட்டளையிடுகிறது. அந்தக் கண்ணியம் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடக் கூடாது.

நம் குடும்பங்களில் நடப்பது என்ன? மருத்துவர் உம்மாவைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். மகன் பதில் சொல்கிறார். ஸ்கேன் முடிவு வந்தால் உம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே பேசுகிறோம். "புற்றுநோய் என்று அவருக்குச் சொல்லவேண்டாம் டாக்டர், தாங்கமாட்டார்" என்கிறோம். இதன் நோக்கம் அன்புதான். ஆனால் விளைவைப் பாருங்கள். தமக்கு என்ன நோய் என்று தெரியாத ஒருவர், எந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும் என்று எப்படி அறிவார்? ஐந்தாண்டு ஏன் மாத்திரை விழுங்க வேண்டும் என்று எப்படிப் புரிந்துகொள்வார்? காரணம் தெரியாததால் மாத்திரையை இடையில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலான முதியவர்கள் உண்மையை ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள். பிள்ளைகள் மனம் வருந்துமே என்று அவர்களும் மறைப்பார்கள். இரு சாராரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் தனித்தனியே அழுவதில் யாருக்கு நன்மை?

வலிப்பு நோயுற்ற பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து தமக்காகத் துஆச் செய்யுமாறு வேண்டிய நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு. விரும்பினால் குணமடையத் துஆச் செய்கிறேன் என்று இரு வழிகளையும் எடுத்துக்கூறி, தேர்வை அப்பெண்மணியிடமே நபியவர்கள் விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். நோய் வரும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டுக்கொண்டார். நோய் அவருடையது, முடிவும் அவருடையதாக இருந்தது. அவர் மனத்தை உறுத்திய கவலை எது என்பதும் அவர் வாயாலேயே வெளிப்பட்டது.

ஆகவே மருத்துவமனைக்குப் புறப்படுமுன் பெற்றோரிடம் கேளுங்கள்: "உம்மா, உங்களுக்கு இப்போது அதிகம் தொந்தரவு தருவது எது? டாக்டரிடம் எதை முதலில் கேட்கவேண்டும்? நான் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லவேண்டாம்?" மருத்துவர் முன்னிலையில் முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். விடுபட்டதை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். எண்பது வயதைக் கடந்த தந்தை, "இனி ஊசி, அறுவை எல்லாம் வேண்டாம், வலி தெரியாமல் இருந்தால் போதும்" என்று தெளிந்த அறிவோடு சொல்வாராயின், மருத்துவரிடம் அதை எடுத்துச் சொல்வதும் அவருக்காகப் பரிந்து பேசுவதே ஆகும். எந்நிலையிலும் சிகிச்சை பெற்றே ஆகவேண்டும் என்று எல்லா மார்க்க அறிஞர்களும் கூறிவிடவில்லை.

தாள்களை ஒழுங்கு செய்யுங்கள்

பரிந்து பேசுபவருக்கு முதல் துணை, ஒழுங்கான ஒரு கோப்பு. அதில் இருக்க வேண்டியவை: பயாப்சி அறிக்கை, அறுவை சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ மருந்துகளின் பெயரும் மொத்த அளவும், ரேடியேஷன் எந்த இடத்தில், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு, கடைசி ஸ்கேனின் அறிக்கையும் குறுந்தகடும், இப்போது உண்ணும் எல்லா மருந்துகளின் பட்டியல். மார்பகப் புற்றுநோய் என்றால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகியவற்றின் முடிவு கட்டாயம் இருக்கவேண்டும். கீமோவுக்காக மார்பில் பதித்த 'போர்ட்' இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழுவிவிட வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள்.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002ஆம் ஆண்டு வகுத்த நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரமளித்த உடனிருப்பவரோ கேட்டால், மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. மூன்றாண்டு கடந்தபின் தேடினால் கிடைக்காமல் போகலாம். எனவே தணிவு தொடங்கிய உடனேயே எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்நோய்க்கு என்ன கண்காணிப்பு?

எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே அட்டவணை கிடையாது. பொதுவாகப் பின்பற்றப்படும் முறைகள் சிலவற்றை அறிந்திருந்தால், விடுபட்டது எது என்று மருத்துவரிடம் கேட்க இயலும்.

மார்பகப் புற்றுநோய்: முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, அடுத்த 2 ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. எஞ்சியுள்ள மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மாமோகிராம். லெட்ரோசோல் போன்ற மருந்து உண்பவருக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். டமாக்ஸிஃபென் உண்பவருக்கு மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஏற்பட்டால், அது ஒரு துளியாயினும் உடனே காட்டவேண்டும். கருப்பைப் புற்றுநோய்க்கு அது அறிகுறியாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டா என்று பார்க்கவேண்டும்.

பெருங்குடல் புற்றுநோய்: முதல் 2 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு 5 ஆண்டுகள் நிறையும்வரை 6 மாதங்களுக்கு ஒருமுறையும் சி.இ.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை. அறுவை முடிந்து ஓராண்டில் கொலனோஸ்கோப்பி. அது நன்றாக இருந்தால் அடுத்தது மூன்றாண்டு கழித்து.

வாய், தொண்டைப் புற்றுநோய்: கழுத்தில் ரேடியேஷன் பெற்றவருக்குத் தைராய்டு சுரப்பு குறைவதுண்டு. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவற்றை முதுமை என்று எண்ணிவிடுகிறோம். 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். இன்னொன்று மிக முக்கியம்: தாடையில் ரேடியேஷன் பெற்றவரின் பல்லைத் தெருமுனைப் பல் மருத்துவரிடம் சென்று பிடுங்கிவிடாதீர்கள். தாடையெலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. புற்றுநோய் மருத்துவரைக் கலந்த பிறகே செய்யவேண்டும்.

அதேவேளை, மிகுதியான பரிசோதனை மிகுதியான பாசம் ஆகிவிடாது. தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் தணிந்து, அறிகுறி ஏதுமற்ற ஒருவருக்கு வழக்கமாகப் பெட் ஸ்கேன் எடுப்பது ஆயுளைக் கூட்டுவதில்லை. செலவையும் கலக்கத்தையுமே கூட்டுகிறது. "இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது என்றால் அவசியம்தானா என்று சிந்தியுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சில அறிகுறிகள் தோன்றினால் அடுத்த முறைக்கான தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு கால்கள் பலமிழப்பது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை மீறிப் போவது. இது தண்டுவடம் அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம், சில மணி நேரத் தாமதமும் நடையை நிரந்தரமாகப் பறித்துவிடும். இன்னும் கீமோவோ, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தோ பெறுபவருக்கு 100.4 டிகிரிக் காய்ச்சல். திடீர்க் குழப்பம், வலிப்பு, பேச்சுக் குழறல். திடீர் மூச்சுத் திணறல். இவற்றில் எது நேர்ந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனை.

இவை தவிர, புதிய கட்டி, காரணமின்றி எடை குறைதல், இரண்டு, மூன்று வாரமாகியும் நீங்காத இருமல் அல்லது வலி, சளியிலோ மலத்திலோ இரத்தம் ஆகியவற்றை ஒரு வாரத்துக்குள் காட்டவேண்டும்.

மருத்துவரிடம் பேசும் முறை

உரத்துப் பேசுவது பரிந்து பேசுவதாகாது. நூற்றுக்கணக்கானோர் காத்திருக்கும் அரசு மருத்துவமனையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. எனவே மூன்று செய்திகளை மட்டும் ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள்: என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது. கவலைப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், பணிவாக இரு கேள்விகள் கேளுங்கள்: "நோய் திரும்பவில்லை என்று எதை வைத்து உறுதி செய்கிறீர்கள்?" "எத்தனை நாளில் குறையாவிட்டால் மீண்டும் வரவேண்டும்?" இரண்டாவது கேள்விக்கான பதிலை ஓ.பி. சீட்டில் எழுதித் தருமாறு வேண்டிக்கொள்ளுங்கள். எழுதப்பட்ட ஒரு வரி, அடுத்தமுறை வேறு மருத்துவர் இருந்தாலும் உங்களுக்குச் சான்றாக நிற்கும்.

மனநிறைவு ஏற்படவில்லையெனில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நன்றி மறத்தல் ஆகாது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையம், புதுச்சேரி ஜிப்மர், 1941 முதல் இயங்கும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்றவற்றுக்குக் கோப்போடும் பயாப்சி கண்ணாடித் தகடுகளோடும் சென்றால், மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டிய தேவை குறையும்.

நம் தாய்மார்களின் வெட்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்பிலோ மறைவிடத்திலோ மாற்றம் தெரிந்தும், ஆண் மருத்துவரிடம் காட்ட நாணி மாதக்கணக்கில் மறைத்துவிடுவோர் உள்ளனர். மகனிடம் சொல்லவும் கூசுவார்கள். இதில் மகளோ மருமகளோ பேத்தியோ முன்னிற்க வேண்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பெண் செவிலியர் உடனிருக்குமாறு வேண்டுங்கள். பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் அனுமதிக்கிறது என்பதை உம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவருடைய ஹயாவையும் காக்கவேண்டும். அவருடைய உயிரையும் காக்கவேண்டும்.

மருந்தும் நோன்பும்

ரமளான் வந்தால் நோன்பு நோற்றே தீருவேன் என்பது நம் முதியவர்களின் உறுதி. நோயாளிக்கு அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான் (2:184, 185). குணமடைந்தபின் களாச் செய்யலாம். அதற்கும் இயலாத நிலையில் ஃபித்யா உண்டு. லெட்ரோசோல், டமாக்ஸிஃபென் போல நாளுக்கு ஒருவேளை உண்ணும் மருந்தை இஃப்தாருக்குப் பின் மாற்றிக்கொள்ள இயலும். ஆனால் சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர், சிறுநீரகம் பலவீனமானவர், குடல் அறுவைக்குப்பின் வயிற்றில் பை பொருத்தியவர் ஆகியோருக்கு நீரும் உப்பும் குறைவது ஆபத்து. ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உம்ரா, ஹஜ் பயணத்துக்கும் இதே முன்யோசனை தேவை. டிரமடால், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் சவூதியில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவரின் சீட்டும் உரிய அனுமதியும் இன்றிக் கொண்டு செல்லாதீர்கள்.

கருஞ்சீரகமும் தேனும் நபிவழியில் சிறப்பித்துச் சொல்லப்பட்டவை. ஸம்ஸம் நீரும் துஆவும் நம் பலம். இவற்றை உண்ணலாம், பருகலாம். ஆனால் இவற்றைக் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதற்கு நபிவழியில் இடமில்லை. மருத்துவம் செய்யுமாறு பணித்தவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே. கருஞ்சீரகமோ வேறு நாட்டு மருந்தோ தொடர்ந்து உண்பவர் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில மருந்துகளோடு அவை ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

செலவும் பொறுப்பும்

பெற்றோரின் மருத்துவச் செலவைத் தம் ஸகாத்திலிருந்து கழித்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கின்றனர். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளையின் கடமையாதலால், ஸகாத்தை அவர்களுக்குக் கொடுக்க இயலாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நாட்டின் சட்டமும் இவ்வகையில் தெளிவாகவே உள்ளது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவச் சிகிச்சையையும் சேர்த்தே சொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் 60 வயது நிறைந்தோருக்குத் தனி வரிசை அமைக்கவும் அச்சட்டம் வகைசெய்கிறது. வெயிலில் நிற்கும் தந்தைக்காக அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மத்திய அரசு 2024இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை, வருமான வரம்பு பாராமல் 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரித்தது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு அது உதவும். எந்த மருத்துவமனையில் ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே ஆனவை; தொடர் பரிசோதனைகளுக்கும் மாத்திரைகளுக்கும் குடும்பமே பணம் ஒதுக்கவேண்டியிருக்கும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளும், இயன்முறைப் பயிற்சியும், வலி தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன.

உடன்பிறந்தோர் கூடி மஷூரா செய்து பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். மருத்துவரிடம் பேச ஒருவர், கோப்பையும் தேதிகளையும் பார்த்துக்கொள்ள ஒருவர், செலவுக்கு ஒருவர். வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று எண்ணவேண்டாம். பரிசோதனைத் தேதியை நினைவுபடுத்துவதும், அன்று தொலைபேசியில் உடனிருப்பதும், "வாப்பா, டாக்டர் என்ன சொன்னார்?" என்று அவர் வாயாலேயே கேட்பதும் கடல் கடந்தும் செய்யக் கூடியவை. உள்ளூரில் இருப்பவர் மருமகள் ஒருவரே என்றால், எல்லாச் சுமையையும் அவர் தலையில் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து குறை சொல்வது அறமன்று. பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும். நன்றியான சொல்லும் வேண்டும்.

சகோதர, சகோதரிகளே! பலவீனத்துக்கு மேல் பலவீனத்தைச் சுமந்து நம்மைப் பெற்ற தாயைப் பற்றித் திருக்குர்ஆன் (31:14) நினைவூட்டுகிறது. நமக்குப் பேச்சு வராத பருவத்தில், எங்கே வலிக்கிறது என்று நம் அழுகையிலிருந்தே கண்டுகொண்டு வைத்தியரிடம் சொன்னவர் அவர். இன்று அவர் வலியைச் சொல்லத் தயங்குகிறார். பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோமோ என்று அஞ்சுகிறார். இந்த வாரம் அவரருகே சிறிது நேரம் அமருங்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று பாருங்கள். மாத்திரைப் பையைத் திறந்து, எது தீர்ந்தது, எது மிஞ்சியது என்று எண்ணுங்கள். "உங்களுக்கு எங்கேயாவது வலிக்கிறதா உம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோரின் நோய்களைப் போக்கி, பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களின் எஞ்சிய ஆயுளை ஈமானோடும் கண்ணியத்தோடும் கழியச் செய்வானாக! அவர்களுக்காகப் பேசும் நாவையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவியையும், சலிக்காத உள்ளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.